அண்ணாந்து பார்த்தது போதும், குனிந்து பாருங்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தில் நாம் பெரிதும் கற்றுக்கொள்வது பழைய சின்னங்களிலா? புதிய நகரங்களிலா?

("புதிய நகரங்களிலே" என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் உரை)

அன்பும் நகைச்சுவையும் ஒருசேரப் பெற்ற நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கத்தைக் கலகலக்க வைத்த என் அணித் தலைவர் அவர்களே! தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பண்டிகையும் அதுவுமாக, கையிலே முறுக்கை வைத்துக்கொண்டு, கடிக்கவா கேட்கவா என்று தெரியாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற அருமைத் தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் பெரிய பேராசிரியர். அழகாகப் பேசினார். தஞ்சாவூர்க் கோயிலைக் காட்டினார், மாமல்லபுரத்தைக் காட்டினார், கல்லணையைக் காட்டினார். காசில்லாமல் ஒரு சுற்றுலாவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் சரி. கடைசியிலே என்ன சொன்னார்? "சிங்கப்பூர் போறீங்க. அந்த மரினா பேயில என்னய்யா இருக்கு? கண்ணாடிக் கட்டடம், கலர் லைட்டு, வாயாலே தண்ணி துப்புற ஒரு சிங்கம். போனோம், போட்டோ எடுத்தோம், வந்தோம். காசு இருந்தா எவனும் கட்டிட்டுப் போவான். இதுல கத்துக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, நான் வேறு எங்கேயும் போகப் போவதில்லை. அவர் கேலி செய்தாரே, அதே மரினா பேயைச் சுற்றி வருகிறேன். மூன்று, மூன்றரை கிலோமீட்டர் நடை. எனக்கு அதுவே போதும்.

அதற்கு முன்னால் ஒன்று. பழைய சின்னங்களிலே பெருமை இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தால் எனக்கும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் தலைப்பு என்ன? "பெருமைப்படுவது எங்கே?" என்றா கேட்டீர்கள்? "கற்றுக்கொள்வது எங்கே?" என்று கேட்டீர்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் நாலு கேள்வி கேளுங்கள். இதை ஏன் கட்டினான்? எப்படிக் கட்டினான்? கட்டின கை யாருடையது? இதுக்காக இடத்தை விட்டுப் போனவன் யார்? இந்த நாலுக்கும் பதில் சொல்ல உயிரோடு ஆள் இருக்கிற இடம் புதிய நகரம்தான். அதுதான் என் கட்சி.

வாங்க, நடப்போம். மரினா என்றதும் நம்மவர்களுக்குச் சுண்டல் ஞாபகம் வரும். (சிரிப்பு) அங்கே சுண்டல் கிடையாது. சிங்கப்பூர் ஆறு கடலிலே கலக்கிற இடத்திலே ஒரு விரிகுடா. அதைச் சுற்றித்தான் அந்த ஊரின் புதிய சின்னங்கள் எல்லாம் நிற்கின்றன.

முதலில் அந்தத் தண்ணீர் துப்புகிற சிங்கம். மெர்லயன். தலை சிங்கம், உடம்பு மீன். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. என்ன வயசு தெரியுமா? 1972-ல் திறந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அதற்கு அண்ணன், அக்கா முறை. அந்த உருவத்தை 1964-ல் சுற்றுலா வாரியத்துக்குச் சின்னமாக வரைந்து கொடுத்தவர் ஃபிரேசர் புருன்னர். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மீன் ஆராய்ச்சியாளர். சிங்கம் கேட்டார்கள், வாலைத் தன் தொழிலிலிருந்து போட்டுவிட்டார்! (சிரிப்பு)

ஆனால் அதிலே பொருள் இருக்கிறது. சிங்கபுரம் என்ற பெயருக்காகச் சிங்கத் தலை. அதற்கும் முன்னால் அந்த ஊருக்கு இருந்த பெயர் தெமாசெக், கடலூர் என்று பொருள். அந்தக் கடலூருக்காக மீன் உடம்பு. அந்த மண்ணிலே சிங்கம் வாழ்ந்ததே கிடையாது. ஒரு இளவரசன் பார்த்தான் என்று மலாய்க் கதை. அந்தக் கதையை எடுத்து, கான்கிரீட்டிலே நிறுத்தி, உலகமே அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி செய்துவிட்டார்கள். இன்னொன்று கேளுங்கள். 1997-ல் முன்னால் ஒரு பாலம் வந்து சிலையை மறைத்துவிட்டது. என்ன செய்தார்கள்? 2002-ல் அந்த 70 டன் சிங்கத்தைத் தூக்கி 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். கலவரம் இல்லை, கடையடைப்பு இல்லை. நம்ம ஊரிலே ஒரு சிலையை நகர்த்தினால்... நடுவர் ஐயா, நான் மேலே பேசவில்லை. (சிரிப்பு)

நடுவர்: பேசாதீங்க, நான் வீட்டுக்குப் போகணும்.

அப்படியே திரும்பிப் பாருங்கள். அந்தச் சிங்கத்துக்குப் பின்னால் தூண் தூணாக ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஃபுல்லர்ட்டன். 1928-ல் கட்டியது. தலைமைத் தபால் நிலையமாக இருந்தது, இன்றைக்கு ஓட்டல். அங்கிருந்து ஊருக்குள்ளே அரைக் கிலோமீட்டருக்கு மேலே நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அந்தத் தெருவிலே என்ன இருக்கிறது தெரியுமா? நாகூர் தர்கா! நம்ம நாகப்பட்டினம் பக்கத்து நாகூர்தான். நாகூர் ஆண்டவரை நினைத்து, இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் நடுவிலே கட்டியது. அதே தெருவிலே சீனர்களின் கடல்தாய் கோயில். பொல்லாத கடலைத் தாண்டிக் கரை சேர்ந்தவன், இறங்கின உடனே நன்றி சொன்ன இடங்கள்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். "பாத்தியா, நீயே பழைய சின்னத்துக்கு வந்துட்டே!" என்கிறார். ஐயா, சிரிக்காதீர்கள், அங்கேதான் என் பாடமே இருக்கிறது. தர்கா வாசலில் நின்றால் சுற்றிலும் வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள். கடல் எங்கே? கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கடல் இல்லை. கரை இறங்கின உடனே கும்பிட்ட இடம் என்றால், கரை எங்கே போச்சு? கரை போகவில்லை, கடலைத் தள்ளி வைத்துவிட்டார்கள்! 1880-களிலேயே ஒரு தடவை மண் கொட்டி நிரப்பினார்கள். அதற்குப் பிறகு 1970-களிலிருந்து பெரிய அளவிலே நிரப்பினார்கள். 1960-களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் இருந்த நாடு, இன்றைக்கு 730-க்கும் மேலே. வீட்டுக்குப் பின்னால் ரெண்டடி புறம்போக்கை வளைத்துப் போட்டவனைப் பார்த்திருக்கிறோம். கடலையே வளைத்துப் போட்ட நாட்டை அங்கேதான் பார்க்கிறோம். (கைதட்டல்)

அதனாலேதான் சொல்கிறேன், மரினா பேக்குப் போனால் அண்ணாந்து பார்க்காதீர்கள். குனிந்து பாருங்கள். நீங்கள் நிற்கிற தரை, உங்கள் தாத்தா காலத்திலே தண்ணீர். அதிலேயும் ஒரு பொறுமை இருக்கிறது. 1970-களில் மண்ணைக் கொட்டினார்கள். அந்த ஓட்டல் கோபுரங்கள் எழுந்தது 2010-ல். பாதி மனுஷ ஆயுள்! தேர்தலுக்குத் தேர்தல் திட்டம் போடுகிறவனால் முடியுமா இது? பேரன் கட்டுவதற்குத் தாத்தா மண் கொட்டியிருக்கிறான்.

கொஞ்சம் வேகமாக நடப்போம். தலையெல்லாம் முள்ளாக ஒரு கட்டடம், எஸ்பிளனேட் கலையரங்கம். 2002-ல் திறந்தது. வெயில் தடுப்பதற்காகக் கூரை மேலே 7,000-க்கும் அதிகமான அலுமினியத் தகடுகள். கட்டி முடித்த உடனே ஊர் ஜனம் வைத்த பேர் "டுரியான்". டுரியான் தெரியுமில்லையா? பலாப்பழத்துக்குச் சின்ன மாமா மகன். வாசனை மட்டும் பெரியப்பா! (சிரிப்பு) அந்த டுரியானுக்குள்ளே ஒவ்வொரு வருஷமும் "கலா உற்சவம்" என்று நம்ம பரதநாட்டியமும் கர்நாடக சங்கீதமும் நடக்கிறது.

அடுத்தது ராட்டினம், சிங்கப்பூர் ஃபிளையர். 165 மீட்டர் உயரம், 28 கூண்டு, ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். 2008-ல் திறந்தபோது அது ஒரு பக்கமாகச் சுற்றியது. சீன வாஸ்துக்காரர்கள் வந்து பார்த்து, "இப்படிச் சுத்தினா ஊர்ச் செல்வம் வெளியே போயிடும்" என்று சொன்னார்கள். அதே வருஷம் திசையை மாற்றிவிட்டார்கள். எதிரணித் தங்கை சொன்னார்களே, "புதிய நகரத்துக்கு நம்பிக்கை கிடையாது, பாரம்பரியம் கிடையாது" என்று. அம்மா, நாம் வாஸ்து பார்த்துச் சமையலறையை மாற்றுகிறோம். அவன் வாஸ்து பார்த்து ராட்டினத்தையே திருப்பிவிட்டான்! இதைவிடப் பாரம்பரியம் வேண்டுமா? (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது, நீங்கள் எல்லாரும் படத்திலே பார்த்த அந்த மூன்று கோபுரம். மரினா பே சாண்ட்ஸ். ஒவ்வொன்றும் 55 மாடி. மூன்றின் தலையிலும் சேர்த்து ஒரு கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டம், அதிலே 150 மீட்டருக்கு நீச்சல் குளம். மோஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 2010-ல் திறந்தது. கீழே ஒரு சூதாட்ட விடுதி. தங்கை கேட்டார்கள், "சூதாட்ட விடுதியும் ஒரு பாடமா?" என்று. ஆமாம் அம்மா, அதுவும் பாடம்தான். சூதாட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாடே வாய்விட்டு விவாதித்து, 2005-ல் முடிவெடுத்தது. வெளிநாட்டுக்காரன் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. சொந்த நாட்டுக்காரன் போகவேண்டும் என்றால், ஒரு நாளைக்கு 100 வெள்ளி வரி. 2019-ல் அதையும் 150 ஆக்கிவிட்டார்கள். "தம்பி, உள்ளே போய்த் தோற்பதற்கு முன்னால் வாசலிலேயே தோற்றுக்கொள்!" (சிரிப்பு) இது சரியா தப்பா? எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதிர்த்து வாதாடலாம், நாளைக்கு மாற்றலாம். ராஜாவைப் பார்த்துக் கேட்டிருக்க முடியுமா?

நடுவர் அவர்களே, இந்தக் கோபுரத்துக்கு எதிரே தண்ணீரின் மேலே ஹீலிக்ஸ் என்று ஒரு நடைபாலம். நம்ம உடம்புக்குள்ளே இருக்கிற மரபணு முறுக்கின மாதிரி முறுக்கின இரும்புப் பாலம். 280 மீட்டர். அந்தப் பாலத்திலே ஒரு சாயங்காலம் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலே ஒருத்தர், நாற்பது வயசு இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே! "எந்த ஊருப்பா?" என்று கேட்டேன். "புதுக்கோட்டைப் பக்கம் சார்" என்றார். "வந்து எவ்வளவு வருஷம் ஆச்சு?" "பதினாறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். வந்த புதுசுல இந்த பில்டிங்லதான் கம்பி கட்டினேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மேலே போய்ப் பாத்தியாப்பா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "கட்டறப்போ பாத்தேன் சார். அப்போ டிக்கெட் இல்ல."

(அமைதி)

நான் என்ன பதில் சொல்லுவேன்? "குழந்தைங்க?" என்று கேட்டேன். "ரெண்டு பேரு சார். போன்லதான் வளந்தாங்க" என்றார்.

எதிரணி நண்பர்களே, நீங்கள் தஞ்சாவூர் போயிருக்கிறீர்கள். ராஜராஜன் நல்ல மன்னன், கல்வெட்டிலே கணக்கு எழுதி வைத்தான், கொடுத்தவன் பேரையெல்லாம் எழுதினான், பெருந்தச்சன் பேர்கூட இருக்கிறது. தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கல்லைக் கயிறு கட்டி இழுத்தானே, அவன் பேர் எங்கே? அவன் பிள்ளை யார் மடியிலே வளர்ந்தது? கேட்க முடியுமா? ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. மரினா பேயிலே கேட்கலாம். அந்த மனுஷன் பாலத்திலே நின்றுகொண்டிருக்கிறான். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்களின் வேர்வை அந்த ஊர்க் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. பக்கத்திலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். அதை 19-ஆம் நூற்றாண்டிலே கட்டினது இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகள். அன்றைக்குச் சங்கிலி, இன்றைக்கு ஒர்க் பெர்மிட். சங்கிலி போட்டவனிடம் இனி நியாயம் கேட்க முடியாது. பெர்மிட் கொடுக்கிறவனிடம் கேட்கலாம். 2020-ல் கொரோனா வந்து தொழிலாளர் விடுதிகளிலே பரவினபோது, அந்த நாடே தன்னைத்தானே கேட்டுக்கொண்டது, "இவங்க எப்படித் தங்கியிருக்காங்க?" என்று. பதில் சொல்ல ஆள் இருக்கிறபோது கேட்கிற கேள்விக்குத்தான் பலன் உண்டு. (கைதட்டல்)

அதற்கப்புறம் தோட்டம். கார்டன்ஸ் பை தி பே, 2012-ல் திறந்தது. இரும்பிலே செய்த 18 ராட்சத மரங்கள், 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரைக்கும் உயரம். உடம்பெல்லாம் நிஜச் செடி படர்ந்திருக்கும். ராத்திரியிலே விளக்குப் போட்டால் கூட்டம் மல்லாந்து படுத்துப் பார்க்கும். நாம் விளக்கை மட்டும் பார்க்கிறோம். அதிலே சில மரத்தின் தலையிலே சூரிய மின் தகடு. சில மரம், பக்கத்துக் கண்ணாடி மாளிகையின் காற்றுப்போக்கி. புகைபோக்கி மாதிரி ஒரு சமாசாரம்! புகைபோக்கியைக்கூட மரமாக்கி நிறுத்திவிட்டு, அதைப் பார்க்க ஊரைக் கூட்டுகிறான்.

நடுவர் அவர்களே, மணியை எடுக்கிறீர்கள். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். (சிரிப்பு) அந்த இடத்திலே பார்க்க வேண்டிய முதல் சின்னம் சிங்கமும் இல்லை, ராட்டினமும் இல்லை, கப்பல் ஓட்டலும் இல்லை. எல்லாவற்றுக்கும் நடுவிலே சும்மா கிடக்கிறதே தண்ணீர், அதுதான்! அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. எல்லாப் போட்டோவிலும் அதுதான் இருக்கிறது. பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். கடல் இல்லை ஐயா! குடிதண்ணீர் எடுக்கிற நீர்த்தேக்கம். ஏரி!

சுற்றுலாக்காரன் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் மரினா அணை. விரிகுடா கடலோடு சேர்கிற 350 மீட்டர் வாயை அடைத்துக் கட்டின அணை. 9 இரும்புக் கதவு, 7 ராட்சத பம்பு. 2008-ல் திறந்தது. மழை பெய்து உள்ளே தண்ணீர் ஏறினால், கடல் இறங்கியிருக்கிற நேரமாகப் பார்த்துக் கதவைத் தாழ்த்தி வெளியே விடுவான். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்க முடியாது, திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அப்போது பம்பு வைத்து இறைத்துக் கடலிலே விடுவான். தாழ்வான பகுதிகளிலே வெள்ளம் நிற்காமல் இருப்பதற்கு அது ஒரு வழி. ரெண்டு வருஷம் மழைத் தண்ணீர் விழுந்து விழுந்து, உப்பு கழுவிப் போய், 2010-ல் நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. நாட்டின் ஆறிலே ஒரு பங்கு நிலத்திலே விழுகிற மழை அங்கே வந்து சேர்கிறது. அந்த அணையின் கூரை மேலே புல்தரை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிள்ளைகள் பட்டம் விடுகின்றன. அணைக்கட்டு மேலே பட்டம்!

ஏன் கட்டினான்? முதல் கேள்விக்கு இப்போது பதில் வருகிறது. தாகத்தினாலே கட்டினான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது, அக்கரையிலிருந்து வந்த குழாய் போச்சு, தீவுக்குள்ளே இருந்த ஏரிகளும் எதிரி கையிலே போச்சு. பிப்ரவரி 15-ஆம் தேதி வெள்ளைக்காரன் சரணடைந்ததற்குத் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு பெரிய காரணம். அதற்கப்புறம் மலேசியாவிலிருந்து வருகிற தண்ணீர். 1962-ல் போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும். அடுத்த வீட்டுக் குழாயிலே தண்ணீர் பிடித்திருக்கிறீர்களா அம்மா? அந்த வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குடத்தை வைக்க வேண்டும் இல்லையா? (சிரிப்பு) ஒரு நாடே அப்படி இருந்தது. அந்தத் தவிப்பிலிருந்து பிறந்ததுதான் இந்த ஏரி.

எப்படிக் கட்டினான்? இதுதான் பெரிய பாடம். வாயை அடைத்துவிட்டால் ஏரி ஆகிவிடுமா? வந்து விழுகிற ஆறு சாக்கடையாக இருந்தால், சாக்கடை ஏரிதானே கிடைக்கும்! 1970-கள் வரைக்கும் சிங்கப்பூர் ஆறு நாறிக்கொண்டிருந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ அதிகாரிகளைப் பார்த்துச் சொன்னார், பத்து வருஷத்திலே ஆற்றிலே மீன் பிடிக்கிற மாதிரி ஆகணும் என்று. கரையோரம் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள், சேற்றை அள்ளினார்கள், பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள், ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், சுமார் 5,000 தெருவோரக் கடைக்காரர்களைச் சந்தைக் கட்டடங்களுக்கு மாற்றினார்கள். 1987-ல் ஆறு சுத்தமாகிவிட்டது. அதே வருஷம் அந்த மனுஷன் அடுத்த கனவைச் சொல்லிவிட்டார்: வாயிலே அணை கட்டலாம் என்று. 21 வருஷம் கழித்து அணை வந்தது. இன்றைக்கு மினுமினுக்கிற கண்ணாடிக் கோபுரம் எல்லாம் அதற்குப் பிறகு கரையிலே வந்து நின்றது. முதலிலே சாக்கடையைச் சுத்தம் பண்ணினான், பிறகு கலர் லைட்டுப் போட்டான். நாம் என்ன செய்கிறோம்? சாக்கடை மேலே பாலம் கட்டி, பாலத்துக்குக் கலர் லைட்டுப் போடுகிறோம்! (பலத்த கைதட்டல்)

நாலாவது கேள்வி: இடத்தை விட்டுப் போனவன் யார்? அதையும் மறைக்க மாட்டேன். அந்த ஆற்றிலே நூற்றைம்பது வருஷமாகச் சரக்குப் படகு ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப காலத்திலே அந்தப் படகை வலித்தவர்களிலே பலர், நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள். பிற்பாடு சீனர்கள். 1983-ல் 800-க்கும் மேற்பட்ட படகுகளை மொத்தமாக வேறு துறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு சுத்தமாச்சு, ஆற்றை நம்பிப் பிழைத்தவன் ஆற்றை விட்டுப் போனான். அந்த வலி உண்மை. புதிய வீடு கிடைத்தது, பழைய தொழில் போச்சு. ஒரு ஊர் சுத்தமாக என்ன விலை கொடுத்தது, அந்த விலையை யார் தலையிலே வைத்தது, எல்லாமே கணக்கிலே இருக்கிறது. நல்லதைக் கற்றுக்கொள்ளலாம், கெட்டதைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளலாம். நம்ம ஊரிலே ஆற்றங்கரை ஜனத்தை அப்புறப்படுத்துகிறபோது, அவன் தொழிலுக்கு என்ன வழி என்று முதலிலே கேட்க வேண்டும், இல்லையா? அதையும் அங்கேதான் கற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக எதிரணித் தலைவருக்கு ஒரு வார்த்தை. கல்லணையைச் சொன்னீர்கள். 1830-களில் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் கல்லணையிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார் என்றும் சொன்னீர்கள். உண்மை. எப்படிக் கற்றுக்கொண்டார்? "ஆஹா, எவ்வளவு பழசு!" என்று கும்பிட்டுவிட்டா போனார்? ஆற்று மணலிலே அஸ்திவாரம் எப்படி நிற்கிறது என்று ஆராய்ந்து பார்த்தார்! குனிந்து பார்த்தார் ஐயா, அதனாலே கற்றுக்கொண்டார். உங்கள் சாட்சி என் பக்கம் வந்துவிட்டது. (சிரிப்பு, கைதட்டல்)

அந்தக் கல்லணையைக் கட்டினவன் என்று நாம் கொண்டாடுகிற கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினம் என்ன? ஆறு கடலிலே கலக்கிற இடத்திலே எழுந்த துறைமுக நகரம். மாளிகை, பல தேசத்து வணிகன், இரவெல்லாம் விளக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலை பாடினபோது, அவர் பாடினது பழைய சின்னத்தையா? இல்லவே இல்லை. அன்றைக்கு அதுதான் மரினா பே! தன் காலத்துப் புதிய நகரத்தைப் புலவன் கண் திறந்து பார்த்தான், அதனாலே நமக்கு அது பாட்டாகக் கிடைத்தது. "புதுசுல என்ன இருக்கு?" என்று அவரும் திரும்பி நடந்திருந்தால், உங்களுக்கு இன்றைக்குப் பேச எது பழைய சின்னம்?

அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்டது என்று படிக்கிறோம். இங்கே ஒரு பட்டினம் கடலைக் கொண்டிருக்கிறது. இது நிலைக்குமா, கடல் மட்டம் ஏறினால் என்ன ஆகும் என்று அவர்களே இன்றைக்குக் கவலைப்பட்டுத் திட்டம் போடுகிறார்கள். கதை இன்னும் முடியவில்லை. முடிந்துபோன கதையிலே நாம் வெறும் ரசிகர்கள். முடியாத கதையிலேதான் நாம் மாணவர்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, அடுத்த முறை யார் மரினா பேக்குப் போனாலும் போட்டோ எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. எடுத்த பிறகு ஒரு நிமிஷம் அந்தத் தண்ணீரைக் குனிந்து பார்க்கட்டும். பக்கத்திலே தமிழிலே போன் பேசிக்கொண்டு ஒரு தொழிலாளி நின்றால், "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். ஊருக்குத் திரும்பி வந்து, தன் ஊர் ஆற்றங்கரையிலே நின்று, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிற பள்ளிக்கூடம் புதிய நகரமே, புதிய நகரமே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எங்கள் பக்கம் தர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)